வெளியில் போனால் அடக்குகிறான், வீட்டிலும் திரும்ப நனைக்கிறான்: கல்யாணவீட்டுக்கு எப்படிக் கூட்டிப்போவது?

விசுவமடு அம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு இரண்டு வயதும் எட்டு மாதமும். விசுவமடுவில் மாமியோடு இருக்கிறோம். சிறுபோக நெல்லு வெட்டி முடிகிற நேரத்துக்குள் பகலில் பம்பஸை விட்டு, சொல்லிப் போகப் பழகியிருந்தான். சூ வந்தால் தானே காற்சட்டையை இழுத்துவிட்டுத் தென்னையடிக்கு ஓடுவான். கக்காவுக்கு விறாந்தை மூலையில் நீல நிறப் பேபி கொமட் ஒன்று இருக்கிறது. அதில் இருந்துகொண்டு முற்றத்துக் கோழிகளோடு ஏதோ கதைப்பான், முடிந்ததும் "அம்மா வா" என்று கூப்பிடுவான்.

ஐப்பசியில் சூரன்போர் பார்க்க ஒரு கோயிலுக்குப் போயிருந்தோம். மழை விட்ட பின்னேரம், சரியான சனம். சூரன் மாமரமாகி நிற்கிற நேரம் பார்த்து இவனுக்குக் கக்கா வந்துவிட்டது. தகரத்தால் மறைத்த கக்கூஸ், உள்ளே லைற் இல்லை. போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். குழிக்குள் இருந்து தேரை ஒன்று பாய்ந்து அவனுடைய காலுக்குப் பக்கத்தில் தகரத்தில் ஒட்டிக்கொண்டது. என் கழுத்தைக் கட்டிப்பிடித்தவன் பிறகு விடவேயில்லை. வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் காற்சட்டையோடு போய்விட்டது. பக்கத்தில் நின்ற சொந்தக்காரர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு "சீ, இவ்வளவு பெரிய பெடியன்" என்றார். பிள்ளை தலையைக் குனிந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகு வெளியில் எங்கே போனாலும் அடக்கிக்கொண்டிருக்கிறான். கடைக்குப் போனாலும், கிளினிக்குக்குப் போனாலும் வேண்டாம் வேண்டாம் என்பான், வீட்டுப் படலையைக் கண்டதும் நனைத்துவிடுவான். இப்போது வீட்டிலும் குழம்பிவிட்டது. நீலக் கொமட்டில் இருக்கமாட்டேன் என்கிறான். கக்கா வந்தால் கதவுக்குப் பின்னால் போய்க் காலைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்க நிற்கிறான். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் போகிறது, அதுவும் கல்லுப்போல். ஜங்கியில் அடிக்கடி சூவும் படுகிறது, சில நேரம் கக்காக் கறையும் இருக்கிறது. இவர் கார்த்திகையில் கட்டாருக்குப் போய்விட்டார், வீட்டில் நானும் மாமியும்தான். மாமி அவனில் உயிர். "பேசாமல் பம்பஸைப் போட்டுவிடு பிள்ளை, அவன் பாவம்" என்கிறா. பம்பஸ் விலை ஒருபக்கம். திரும்பப் போட்டால் பழகினது எல்லாம் போய்விடுமோ என்பதுதான் எனக்குப் பயம்.

தை மாதம் தங்கச்சிக்கு வவுனியாவில் கல்யாணம். பரந்தனுக்கு வந்து, அங்கிருந்து ஏ9 வீதியால் பஸ்ஸில் போக வேண்டும். இரண்டு இரவு அங்கே தங்குவோம். பஸ்ஸுக்குப் பம்பஸ் போடலாமா? மண்டபத்துக் கக்கூசுக்கு எப்படிப் பழக்குவது? பஸ் ஏறும் முன் தண்ணீர் கொடுக்காமல் விடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மல்லாவி ரீச்சர் எழுதியது:

தங்கச்சி, நான் துணுக்காய்ப் பக்கம் முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறேன். தை மாதம் புதுப் பிள்ளைகள் வரும்போது மாரி ஈரம் காய்ந்திருக்காது, கக்கூசில் எப்போதும் ஒரு தேரையாவது இருக்கும். உங்கள் மகனைப்போல பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள். வீட்டில் எல்லாம் ஒழுங்காகச் செய்கிற பிள்ளை, இங்கே பன்னிரண்டு மணி மட்டும் அடக்கிக்கொண்டு இருந்துவிட்டு அம்மாவின் சைக்கிளைக் கண்டதும் நனைக்கும்.

மகன் பழகினதை மறந்துவிடவில்லை, அதை நம்புங்கள். அவன் பழகியது உங்கள் விறாந்தையில், வெளிச்சத்தில், கோழிகள் நடுவில், அந்த நீலக் கொமட்டில். இந்த வயதில் பழக்கம் இடத்தோடு ஒட்டித்தான் இருக்கும். வேறு இடத்தில் அதைச் செய்ய அவனுக்கு இன்னும் யாரும் காட்டித்தரவில்லை, காட்ட வந்த முதல் இடத்திலேயே இருட்டும் தேரையும் வந்துவிட்டன. ஆகவே வெளியில் போவதை ஒரு தனிப் பாடமாக, முதலிலிருந்து, மெதுவாகக் காட்டுங்கள்.

நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். பிள்ளைக்கு ஒன்றும் வராத நேரம் பார்த்து, நல்ல பகல் வெளிச்சத்தில், கக்கூசைச் சும்மா பார்க்கக் கூட்டிக்கொண்டு போவேன். உடுப்பைக் கழற்றமாட்டேன், போ என்று சொல்லமாட்டேன். கதவை அகலத் திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைப்பேன். கோப்பையைப் பிள்ளையின் கையில் கொடுத்து வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றச் சொல்வேன். "தேரையார், எழும்புங்கோ, நாங்கள் வாறம்" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிக்கொண்டு ஊற்றுவோம். தேரை இருந்தால் பாயும். பிள்ளை என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்று அதைப் பார்க்கும். தேரை தன்னைப் பிடிக்க வரவில்லை, தான் ஊற்றின தண்ணீருக்குத்தான் ஓடுகிறது என்று ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பிறகு கோப்பையைத் தானே கேட்டு வாங்கும். சில பிள்ளைகளுக்கு ஊற்றுகிற விளையாட்டு அலுக்கும்வரை விட்டுத்தான் ஆக வேண்டும். அந்தத் தண்ணீர்ச் செலவைப் பார்க்காதீர்கள்.

அடுத்தது குந்துகிற விதம். பீங்கானில் கால் வைக்கிற இடம் வளர்ந்தவர்களுக்குச் செய்தது. சின்னக் கால்களுக்கு அது அகலம் கூட, நடுவில் கறுப்பாகக் குழி. விழுந்துவிடுவேன் என்று பிள்ளை நினைப்பது நியாயம்தானே. நீங்கள் முன்னால் குந்தி அவனுடைய இரண்டு கையையும் பிடியுங்கள். உங்கள் முழங்காலைப் பிடிக்க விட்டாலும் சரி. குதிக்கால் நிலத்தில் நன்றாகப் படட்டும். நுனிக்காலில் நின்றால் அடிப்பக்கத் தசை இறுகிவிடும், வந்ததும் உள்ளே போய்விடும். உயரக் கொமட் என்றால் கால் தொங்கக் கூடாது, ஒரு சின்ன வாங்கோ கவிழ்த்த வாளியோ வைத்து முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கிற மாதிரி இருத்துங்கள். இழுத்தால் சத்தம் போடுகிற பிளஷ் இருந்தால், பிள்ளை வெளியில் வந்த பிறகு இழுங்கள். கழுவும்போது சொல்லாமல் குளிர்தண்ணீரை ஊற்றாதீர்கள். "இப்ப தண்ணி வருது" என்று ஒரு சொல், அவ்வளவுதான். சொல்லாமல் ஊற்றின தண்ணீருக்காகவே திரும்ப வராத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னம் கிட்டத்து இடங்களில் பழக்குங்கள். அவனுக்கு விருப்பமான சொந்தக்காரர் வீடு ஒன்று இருந்தால் அதுதான் முதல். பிறகு கோயில், ஆள் குறைந்த நேரத்தில். பிறகு பரந்தன்வரை பஸ்ஸில் போய்வாருங்கள். போகிற இடத்தில் இறங்கினதும் முதல் வேலை கக்கூஸ் எங்கே என்று அவனுக்குக் காட்டுவது. அவன் போகாவிட்டாலும் பரவாயில்லை, பார்த்து வைத்திருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "சூ வருதா, சூ வருதா" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லை என்றுதான் சொல்லும். கேட்பதை விட்டுவிட்டு நடக்கப்போவதைச் சொல்லுங்கள். "பஸ்ஸால இறங்கினதும் முதல்ல நாங்கள் ரெண்டு பேரும் போறம், பிறகு அம்மம்மாவைப் பாப்பம்."

நீலக் கொமட்டைக் கட்டாயம் வவுனியாவுக்குக் கொண்டுபோங்கள். யாரும் சிரிப்பார்கள் என்று பார்க்காதீர்கள். ஒரு உரபாக்கில் போட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் இப்போது அதில் இருக்கமாட்டேன் என்கிறானே, அதற்கு முதலில் வயிற்றைச் சரிப்படுத்த வேண்டும். கல்லுப்போல் போகிற பிள்ளை எந்தக் கொமட்டிலும் இருக்காது, இருந்தால் நோகும் என்று அதற்குத் தெரியும். கறை படுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி இங்கே வருகிற குடும்பநல உத்தியோகத்தர் அக்கா சொல்லட்டும். அந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். முதலில் வயிறு, பிறகு பயம், அதன் பிறகுதான் பயணம்.

தோள்பையில் மாற்று ஜங்கியும் காற்சட்டையும் தாராளமாக, ஒரு துவாய், பழைய சாரத்துண்டு, ஒரு துண்டுச் சவர்க்காரம், கழுவத் தண்ணீர்ப் போத்தல், ஈரத்தைக் கட்டிவைக்கச் சொப்பிங் பாக். சாரத்துண்டை பஸ் சீற்றில் நான்காக மடித்து அவனுக்குக் கீழே போடுங்கள். இவ்வளவும் கையில் இருந்தால் உங்களுக்குப் பதற்றம் வராது. உங்கள் கை பதறினால் அது அவனுக்குத் தெரியும்.

கல்யாண உடுப்பையும் இப்போதே பாருங்கள். நாடா கட்டுகிற குர்தாக் காற்சட்டை, பெல்ற், வேட்டி மேல் சால்வை என்று இறுக்கிக் கட்டினால் அவன் சொன்னாலும் அவிழ்க்க முதல் போய்விடும். இலாஸ்ரிக் இடுப்புள்ளதாக எடுங்கள். தாலி கட்டுகிற நேரம் மேளம் கொட்டும், கமெரா லைற் அடிக்கும், நீங்கள் மணவறையடியில் நிற்பீர்கள், அந்த நேரம்தான் அவனுக்கு வரும். யார் கூட்டிக்கொண்டு போவது என்று முதல் நாளே ஒரு ஆளைச் சொல்லி, அந்த ஆளோடு அவனை ஒருமுறை போய்வரவும் விடுங்கள்.

பட்டுவிட்டால் "நனைஞ்சு போச்சு, வா மாத்துவம்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். ஏச்சும் வேண்டாம், "பரவாயில்லை செல்லம், பரவாயில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லவும் வேண்டாம். யாராவது "சீ" என்றால் நீங்கள் உடனே, பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி, "பழகுற பிள்ளைக்கு இப்பிடி நடக்கும், நான் பாக்கிறன்" என்று சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள், ஆனால் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இடத்தில் தன்னுடைய பக்கம் அம்மா நின்றா என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். எனக்கு இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மனம் வராது.

பம்பஸ் பற்றி என் எண்ணம்: பகலில், வீட்டில், போடவேண்டாம். வவுனியா பஸ்ஸுக்கு, அந்த நேரத்துக்குள் அவன் தேறவில்லை என்றால் போடுங்கள், பழகினது போய்விடாது. ஆனால் "நீ நனைக்கிறாய், அதுதான்" என்று சொல்லிப் போடாதீர்கள். "இது பஸ் காற்சட்டை, இறங்கினதும் கழற்றுவம்" என்று சொல்லி, நிற்கிற இடத்தில் இறக்கி, வவுனியாவில் சொன்னபடியே கழற்றுங்கள். மாமியிடமும் இதைத்தான் சொல்லுங்கள். அவவும் பிள்ளை கஷ்டப்படக்கூடாது என்றுதானே சொல்கிறா.

ஒட்டுசுட்டான் மிஸ் எழுதியது:

ரீச்சர் சொன்ன ஒழுங்கு மிகச் சரி. நான் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். இந்தக் கதையை வீடு வீடாகக் கேட்டிருக்கிறேன், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளை காலைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்க நிற்பதைப் பார்த்தால் முக்குகிறான் என்று நினைப்போம். அவன் உண்மையில் வராமல் இறுக்கிப் பிடிக்கிறான். அடக்க அடக்க மலக்குடல் அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சும், மலம் பெருத்துக் காய்ந்துபோகும். போகும்போது நோகும். நொந்ததால் அடுத்தமுறை இன்னும் இறுக்குவான். நிறைந்த குடல் முன்னால் இருக்கிற சலப்பையை அமத்தும், அதனால்தான் சூவும் சொல்லாமல் படுகிறது. நாள்போனால் கெட்டியான மலத்துக்குப் பக்கத்தால் தண்ணீராகக் கசியும். நீங்கள் ஜங்கியில் பார்க்கிற கறை பெரும்பாலும் அதுதான். அது அவனுக்குத் தெரியாமலே வருவது, அதற்கு அவனைப் பேசிப் பயனில்லை. வயிற்றாலை போகிறது என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுக்கவும் கூடாது.

டொக்டரிடம் காட்டுங்கள். லக்ருலோஸ் போன்ற, மலத்தை இளக்குகிற பாணி தருவார்கள். இரண்டு தரம் நன்றாகப் போனதும் மருந்தை நிறுத்திவிடுவதுதான் நம்முடைய ஆட்கள் எல்லோரும் செய்வது. நோகாமல் போகிறது என்று பிள்ளை நம்புகிற வரைக்கும், டொக்டர் சொல்கிற காலம் முழுக்கக் கொடுங்கள், அது மாதக்கணக்காகவும் இருக்கும். வெற்றிலைக் காம்பில் எண்ணெய் பூசி வைப்பது, சவர்க்காரத் துண்டு வைப்பது இரண்டும் இவனுக்கு வேண்டாம். ஏற்கெனவே பயந்த பிள்ளை, அந்த இடத்தில் இன்னொரு நோவைக் கொடுத்தால் இன்னும் இறுக்குவான்.

சாப்பாட்டில் பப்பாசிப்பழம், வாழைப்பழம், முருங்கையிலை வறை, பருப்பு, தவிடு போகாத சிவப்பரிசிச் சோறு. பால்மாப் போத்தல் இன்னும் குடிக்கிறானா? பால் ஒரு நாளைக்கு அரை லீற்றரோடு நிற்கட்டும். கூடக் குடித்தால் சோறு இறங்காது, மலமும் இறுகும். சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஐந்து நிமிடம் நீலக் கொமட்டில் இருக்கட்டும், கோழி பார்க்கட்டும், வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி. இருக்க மறுத்தால் இழுத்து இருத்தாதீர்கள். முதலில் உடுப்போடு இருந்து கதை கேட்கட்டும்.

பஸ்ஸுக்காகத் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். குறைத்தால் மலம் இன்னும் காயும், சலமும் தடித்துக் கடுக்கும். தண்ணீரைக் கொடுத்து, ஏறுமுன் போகவைத்து, நிற்கிற இடத்தில் இறக்குங்கள். சோடாவும் தேத்தண்ணியும் மட்டும் பயணத்தில் வேண்டாம், அவை சலத்தை அவசரப்படுத்தும்.

காய்ச்சலும் சலக்கடுப்பும் வந்தாலோ, சலம் மணத்தாலோ, சலத்திலோ மலத்திலோ இரத்தம் கண்டாலோ, வயிறு ஊதி வாந்தி எடுத்தாலோ கல்யாணத்தைப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பழகின பிள்ளை திடீரென்று அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்து, நிறையச் சலம் போய், மெலிந்துகொண்டு வந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். அது சீனி வருத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கும் வரும்.

இன்னொன்று. தேரையை எல்லோரும் பார்த்தோம். அப்பா கார்த்திகையில் போனதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். வீட்டில் ஆள் குறைந்தாலும், தம்பி தங்கச்சி பிறந்தாலும், வீடு மாறினாலும் பழகின பிள்ளைகள் திரும்ப நனைப்பது வழக்கம். அப்பா வீடியோவில் வரும்போது "கக்கா போனியா" என்று விசாரிக்க விடாதீர்கள். அவர் கோழியைப் பற்றிக் கேட்கட்டும், இவனைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

கிளிநொச்சி அப்பா எழுதியது:

பஸ் பயணத்துக்கு மட்டும் என்னுடைய பங்கு. பெடியன்தானே, வாய் அகன்ற மூடியுள்ள பிளாஸ்ரிக் போத்தல் ஒன்று வைத்திருங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டாம். வீட்டில் தென்னையடியில் வைத்து அதற்குள் அடிக்கப் பழக்குங்கள், அவனுக்கு அது விளையாட்டாக இருக்கும். பஸ்ஸில் ஜன்னலோர சீற்றில் சாரத்தால் மறைத்துப் பிடித்தால் ஒருவருக்கும் தெரியாது.

ஏ9இல் முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனங்கள் நிற்கும். கச்சான் வாங்க இறங்குகிற நேரத்தில் முதலில் பிள்ளையை இறக்குங்கள், கச்சானைப் பிறகு பார்ப்போம். ஏறும்போதே நடத்துநரிடம் "பிள்ளை இருக்கிறான், முறிகண்டியில் கொஞ்சம் பாருங்கோ" என்று சொல்லி வைத்தால் நிற்பார்கள். நான் எப்போதும் சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன்.

வழியில் இறக்க வேண்டி வந்தால் வீதியோரத்திலேயே, வாகனத்துக்குப் பக்கத்திலேயே இருத்துங்கள். மறைப்புக்காகப் பற்றைக்குள் கொண்டுபோக வேண்டாம். மாரியில் புடையன் கிடக்கும். நான் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவன். 2009இல் யுத்தம் முடிந்து இவ்வளவு காலம் ஆகியும் வன்னியில் துப்புரவு செய்து முடியாத துண்டுகள் இருக்கின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ கயிறோ கண்டால் அந்தப் பக்கமே காலை வைக்காதீர்கள். பிள்ளையின் வெட்கத்தைச் சாரத்தால் மறைக்கலாம்.

முள்ளியவளைப் பேத்தி எழுதியது:

இதை அம்மம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவ சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"மோனை, எங்கட காலத்தில பம்பஸும் இல்லை, கொமட்டும் இல்லை. பிள்ளையைக் காலில இருத்திறதுதான். நிலத்தில இருந்து ரெண்டு காலையும் நீட்டி, பாதம் ரெண்டையும் கிட்ட வைச்சு, அதுக்கு மேல பிள்ளையை உன்ரை முகத்தைப் பாக்கிற மாதிரி இருத்து. முதுகு உன்ரை காலுக்குப் படாது, அதால ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொள். கீழ சாம்பலோ மண்ணோ போட்டால் அள்ளிக் கொட்டுறது லேசு. இவன் பெரிய பிள்ளை, நீட்டின காலில இருக்கமாட்டான் எண்டால், நீ ஒரு சின்னப் பலகையில குந்தி உன்ரை பாதத்துக்கு மேல அவன்ரை பாதத்தை வைக்கச் சொல்லு. அம்மாவின்ரை கால் அடியில இருக்குது எண்டால் விழமாட்டன் எண்டு அவனுக்குத் தெரியும். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கு விடிய விடியக் கிடந்து என்ரை பிள்ளையள் எல்லாரையும் இப்பிடித்தான் பாத்தனான்."

அம்மம்மா சொன்னதை என் மகளுக்கும் செய்கிறேன், வெளியிடங்களில் நன்றாகத்தான் இருக்கிறது. பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் கழுவும்போது முன்னாலிருந்து பின்னுக்குக் கழுவுங்கள், பின்னாலிருந்து முன்னுக்குக் கையைக் கொண்டுவந்தால் சலத்தில் கிருமி போகும். இது அம்மம்மா சொன்னதில்லை, கிளினிக்கில் சொல்லித்தந்தது.

விசுவமடு அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மிஸ் சொன்னபடி டொக்டரிடம் காட்டினேன். வயிற்றைத் தடவிப் பார்த்து, நிறையக் கட்டிக்கிடக்கிறது என்று சொல்லிப் பாணி தந்தார். இப்போது களிபோல் இளகிப் போகிறது. இரண்டு தரம் கதவுக்குப் பின்னாலேயே போனான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜங்கியில் கறை குறைந்திருக்கிறது. நேற்று மாமி தன்னுடைய சாக்குக்கட்டிலை விறாந்தையில் இழுத்துப்போட்டு நீலக் கொமட்டுக்குப் பக்கத்தில் இருந்தா. அவன் உடுப்போடு அதில் ஏறி இருந்து அவவுக்குக் கோழிகளின் பெயர் சொன்னான். மாமி பம்பஸ் கதையை இப்போது எடுப்பதில்லை, பப்பாசி வெட்டிக் கொடுக்கிறா. வாளியும் கோப்பையும் ஊற்றுகிற விளையாட்டு எங்கள் வீட்டுக் கக்கூசில் தொடங்கிவிட்டோம். தேரையைக் கண்டால் இன்னும் என்னில் ஏறுகிறான், ஆனால் ஊற்றச் சொல்லி எனக்குக் கட்டளை போடுகிறான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கல்யாணவீட்டில் இரண்டு இரவும் எல்லோரோடும் பாயில் படுக்க வேண்டி வரும். இரவில் இவன் எப்போதும் நனைக்கிறவன்தான். வெளியில் இருக்கிற கக்கூசுக்கு நித்திரையில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவதா?

ஒட்டுசுட்டான் மிஸ் எழுதியது:

இரவைப் பகலோடு சேர்க்க வேண்டாம் மகள். பகலில் சொல்லிப் போவதைப் பழக்கலாம். இரவில் நனையாமல் இருக்க, நித்திரையில் சலம் சுரப்பதைக் குறைக்கிற ஹோர்மோன் போதிய அளவு வர வேண்டும், சலப்பை நிறைந்தால் பிள்ளைக்கு முழிப்பு வரவும் வேண்டும். இரண்டும் அதனதன் காலத்தில் வரும், பழக்கி வருவதில்லை. ஐந்து வயதுவரை இரவில் நனைப்பதை வருத்தமாக எடுப்பதே இல்லை.

ஆகவே இரண்டு இரவும் யோசிக்காமல் பம்பஸ் போடுங்கள், வீட்டிலும் அப்படியே. படுக்குமுன் ஒருமுறை போகட்டும். பாயில் ரப்பர் சீற்றும் அதற்கு மேல் துணியும் போட்டால் பக்கத்தில் படுப்பவர்களுக்கும் கரைச்சல் இல்லை. நித்திரையில் எழுப்பி இருட்டில் தெரியாத கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், தேரைப் பயம் இப்போதுதான் குறைகிறது. தானே எழும்பிக் கேட்டால் நீலக் கொமட்டை அறை வாசலில் வைத்திருங்கள், ரோச் ஒன்றும் கிட்ட இருக்கட்டும். காலையில் எழும்பினதும் மற்றவர்கள் எழும்ப முதல் பம்பஸைக் கழற்றி ஜங்கியைப் போட்டுவிடுங்கள். பாணியைப் பயணப் பையில் போட மறக்காதீர்கள். கல்யாணச் சாப்பாட்டு நாட்களில்தான் அது கூடுதலாகத் தேவைப்படும்.